தண்ணீரோடு நடந்தவள்

மயிலாத்தாளை நடக்கச் சொன்னவர் பல்லடத்து டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லி மாத்திரைக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தவளை மறுபடியும் உட்காரச் சொன்னார்.

"மாத்திரை மட்டும் பத்தாதுங்கம்மா. தினமும் நடக்கோணும்."

"நாள் பூராவும் நடந்துக்கிட்டேதானுங்க இருக்கறேன்" என்றாள் அவள். கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் காட்டுக்குமாக அவள் கால் ஓய்ந்த நாளே கிடையாது.

"அது வேலைங்கம்மா. தலைல சுமை இல்லாம, நடுவுல நிக்காம, ரண்டு கையையும் நல்லா வீசி நடக்கோணும். வெடியால நேரத்துல போங்க, காத்து நல்லா இருக்கும்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த பக்கத்து வீட்டு நாச்சியம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை சிரித்தாள்.

"கைய வீசிக்கிட்டா? நீயா? உன்ற ஊட்டுக்காரரு பாத்தாருன்னா ரண்டு கையையும் சேத்துக் கட்டிப்போடுவாரு."

அவள் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எதையாவது சுமந்துகொண்டுதான் நடப்பார்கள். இடுப்பில் குடம், தலையில் சோளத்தட்டுக் கட்டு, கையில் கூடை, இவை ஒன்றும் இல்லாவிட்டால் யார் வீட்டுக் குழந்தையாவது. "வெறுங்கைய வீசிக்கிட்டு வாரா பாரு" என்பது அங்கே ஒரு திட்டு. வேலைக்கு வந்து வேலை செய்யாதவளையும், விசேஷத்துக்கு வந்து ஒன்றும் கொண்டுவராதவளையும் அப்படித்தான் சொல்வார்கள்.

மயிலாத்தாள் கொடுமுடிப் பக்கத்துப் பெண். காவிரித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர்கள், அம்மா எழுந்து நடமாடிய பிறகும் திரும்ப அனுப்ப மறந்துபோனார்கள். அவளும் ஞாபகப்படுத்தவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. பேசுவதைவிடப் பார்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. எந்த எறும்பு எந்தப் பொந்துக்குள் போகிறது, சிரிக்கும்போது யார் கண் சிரிக்கவில்லை, இதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

பல்லடத்துக்குத் தெற்கே, செம்மண்ணும் சோளக்காடுமான ஊரில் பாலுசாமிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றும்போது அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். விரலை அன்றைக்கே விட்டாயிற்று. பின்னால் நடப்பது மட்டும் நிற்கவில்லை. அவிநாசித் தேருக்குப் போனாலும், தாராபுரத்தில் ஒரு சாவுக்குப் போனாலும், அவர் பத்தடி முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். அந்த ஊரில் எல்லாப் புருஷன் பெண்டாட்டியும் அப்படித்தான் போனார்கள். வழியில் தெரிந்த ஆண்பிள்ளை யாராவது எதிர்ப்பட்டால் அவர் நின்று பேசுவார். அவள் சற்றுத் தள்ளி, மரத்தடி இருந்தால் மரத்தடியிலும் இல்லாவிட்டால் வெயிலிலும், வேறெங்கோ பார்த்தபடி நிற்பாள். அவர் கிளம்பினால் அவளும் கிளம்புவாள்.

கோபக்காரர் இல்லை பாலுசாமி. கையில் இருப்பதைக் கொடுப்பார், சோற்றைக் குறை சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிடுவார். அவருடைய வெடித்த குதிகால்களும் சட்டைமுதுகில் வியர்வை பரவும் விதமும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் சொன்னதற்காக அவள் நடக்கத் தொடங்கியது தொண்ணூற்றைந்தாம் வருஷம், கார்த்திகை மாதம். முதல் நாள் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே நாலு பேர், "எங்கீங் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஊரில் அது வணக்கம் சொல்வது மாதிரி. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். காட்டுக்கு, கடைக்கு, சொந்தபந்தமான ஒரம்பரை வீட்டுக்கு என்று ஏதாவது ஓர் இடம் சொல்ல வேண்டும். சும்மா என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டவர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

மறுநாள் ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. மூடிமட்டும் இறுக மூடியிருந்தது. "பாலுக்குப் போறேனுங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நாச்சியம்மாள் மட்டும் தட்டியைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "உங்கூட்டுல எருமை ரண்டு கறக்குது. நீ எந்தூருக்குப் பாலுக்குப் போறே?"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"போ, போ. நானும் ஒண்ணும் பாக்கல."

ஊருக்கு வெளியே ரோட்டுப் பாலத்தில் ஏறி இடது கைப்பக்கம் இறங்கினால் பி.ஏ.பி. பாசன வாய்க்கால். கரைமேல் ஒரு வண்டித் தடம். அதிலேயே போனால் ஒரு மதகு வரும், அதற்கு அப்பால் கல்பாலம். கல்பாலம்வரை போய்த் திரும்பினால் டாக்டர் சொன்ன நடை ஆகிவிடும். முறை வைத்துத்தான் அந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். அந்த மாதம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பனியில் அக்கரை தெரியாது. தண்ணீர்மட்டும் தெரியும், அதுவும் இருக்கிறதா இல்லையா என்பதுபோலத்தான் தெரியும்.

அந்தத் தண்ணீர் ஆனைமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மலைகளைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக வருகிறது என்று பாலுசாமி எப்போதோ ஒரு ஒரம்பரைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். நடக்கத் தொடங்கி சில நாட்கள் போனபின் அது ஞாபகம் வந்தது. அதிலிருந்து அவள் கரைமேல் நடந்தாலும் மலைக்குள்தான் நடந்தாள்.

கால் ஒரு தாளத்துக்கு வந்ததும் கரை மறைந்துவிடும். இருட்டான, குளிர்ந்த சுரங்கம். பக்கத்தில் தண்ணீர் போகும் சத்தம். தலைக்குமேல் எங்கேயோ யானைகள் நடக்கின்றன, அவை கால் வைக்கும்போது சுரங்கத்துச் சுவரில் ஈரம் துளிர்க்கிறது. மேலே புலி தண்ணீர் தேடித் தரையை முகர்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே சத்தம் போடாமல் போகிறது. அவளுக்குப் பயமே இல்லை. நேற்று எங்கே விட்டாளோ அங்கிருந்து இன்றைக்குத் தொடர்ந்தாள். நாளைக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போவாள். தண்ணீர் வருகிற திசைக்கே போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் தூரத்தில் லேசாக வெளிச்சம் தெரிந்தது. அது மலைக்கு அந்தப் பக்கத்து வாசலாக இருக்கலாம். அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவசரப்படவில்லை. நாளைக்கும் நடக்கத்தானே போகிறாள்.

வீட்டுக்கு வந்து எருமையைக் கறக்கும்போது அதன் வயிற்றில் சாய்ந்திருந்த அவள் நெற்றியில் அந்தக் குளிர்ச்சி மிச்சமிருக்கும். டாக்டர், "நல்லாக் கொறைஞ்சிருக்குதே" என்றார். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள்.

அந்தத் தைமாதம் மில்லைப் பூட்டினார்கள். பஞ்சு விலை, மின்சாரம், கடன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாலுசாமி கடைசி நாள் வேலைக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுப் போசியைத் திறக்காமலே கொண்டுவந்து வைத்தார். மில்லுச் சங்கு ஊதுவதும் நின்றுபோயிற்று. சுற்று வட்டாரத்தில் அந்தச் சங்குக்குத்தான் உலை வைப்பார்கள், மாட்டை அவிழ்ப்பார்கள். சில நாட்கள் ஊரே நேரம் தெரியாமல் நடந்தது.

பாலுசாமிக்குச் சங்கு இல்லாமலே விழிப்பு வந்தது. எழுந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் புவனாவைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "அங்கிருக்கற பனியன் கம்பெனியில கேக்கட்டுமாப்பா?" என்று அவள் கேட்டதற்கு, "மருமவன் ஊர்லயா? வேண்டாங் கண்ணு" என்று சொல்லிவிட்டார். மயிலாத்தாள் போசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கொடுமுடியிலிருந்து அண்ணன் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர். இரண்டு பேர் முகமும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் முகம் மாதிரி இருந்தது. மயிலாத்தாள் வாசலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, நீ ஊட்லயேதான் இருக்கறயா?"

"வேற எங்கீங்ணா இருப்பேன்? வாங்க, உள்ள வாங்க."

சென்னியப்பன் உட்காரவில்லை. கிணற்றடியிலிருந்து பாலுசாமி ஈரத்துண்டோடு வந்தார். சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை, எங்க அம்மணி என்ன தப்புப் பண்ணுச்சுன்னு சொல்லிப்போடுங்க. பேசித் தீத்துக்கலாம்."

பாலுசாமி யோசித்துப் பார்த்தார். "நேத்துக் கொழம்புல உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுங்க மச்சான். அதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கொடுமுடிப் பக்கத்தில் வரன் பார்த்துச் சொல்லும் ஓர் அம்மாள், ஒரு ஜாதகத்துக்காக இந்தப் பக்கம் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். பாலத்தில் இறங்கியபோது வாய்க்கால் கரையில் மயிலாத்தாளைப் பார்த்தாளாம். விடிந்தும் விடியாத நேரம், கையில் தூக்குப்போசி, தலை கவிழ்ந்திருக்கிறது, வாய் முணுமுணுக்கிறது. "ஏனுங் அம்மணி" என்று பலதடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவள் தெரு விழிப்பதற்குமுன் கிளம்புவாள், வழிக்குக் கொஞ்சம் சோறு எடுத்துக்கொள்வாள், யாரையும் பார்க்க மாட்டாள். அந்த அம்மாளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. பல்லடம் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, சென்னியப்பன் வீட்டுக்குப் பக்கத்து உரக்கடைக்குப் போன் போட்டுவிட்டாள்.

"உங்க தங்கச்சி கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிருச்சுன்னு சொன்னா. ரண்டு நாளா நாங்க பஸ்ஸு பஸ்ஸாப் பாக்கறோம், நீ வந்து எறங்கற பாடில்ல. வாய்க்கால்ல தண்ணி வேற போவுதுன்னாளா, அதுக்குமேல அங்க இருக்க முடியல, ஓடியாந்துட்டேன்" என்றார் சென்னியப்பன்.

மயிலாத்தாள் ஆட்டுக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"டாக்டரு நடக்கச் சொன்னாருங்ணா. அதுக்குத்தான் போனேன்."

"அப்பறம் போசி?"

"அது சும்மாங்ணா."

"போசிக்குள்ள?"

"ஒண்ணும் இல்லீங்ணா."

கூடவந்த பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தார். "காலிப் போசிய எதுக்குத் தூக்கிக்கிட்டுப் போவோணும்?" தட்டிக்கு அந்தப் பக்கம் நாச்சியம்மாள் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவது கேட்டது.

சமாதானம் பேசப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சென்னியப்பன் தங்கைக்குச் சேலையும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் எடுத்து வந்திருந்தார். சண்டையே இல்லாத வீட்டில் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. "கொண்டுவந்தது வந்ததுதான், கட்டிக்கோங்க" என்று வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்.

"மாப்பிள்ளை, நீங்களும் ஊட்லதான இருக்கறீங்க. ரண்டு பேரும் ஒட்டுக்காப் போயிட்டு வாங்க. தொணைக்கு நீங்க இருந்தா ஒருத்தரும் ஒரு பேச்சுப் பேசமாட்டாங்க. எனக்கும் நிம்மதி."

"அதுக்கென்னங்க, நாளைக்கே போறோம்" என்றார் பாலுசாமி. மயிலாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

மறுநாளிலிருந்து பாலுசாமி முன்னால் போனார், அவள் பின்னால் போனாள். அவருக்கு மில்லு நடை. நூல் அறுந்த இடத்துக்கு ஓடி ஓடிப் பழகிய கால். பேசிக்கொண்டே போவார். அதுவும் முன்பக்கம் பார்த்தபடியே பேசுவார். பாதிச் சொல் காற்றோடு போக மீதிச் சொல்தான் அவளுக்கு வந்து சேரும். எந்த மெஷின் எப்போது வந்தது, எந்த மேஸ்திரி எப்படிப்பட்டவன், கேஸ் போட்டால் மில்லைத் திறந்துவிடுவார்களா. "ஆமாங்க" என்பாள். "அப்புடீங்களா" என்பாள். எதிரே டிராக்டர் வந்தால் நிற்பார். மோட்டார் போட வந்தவர் கூப்பிட்டால் நிற்பார். அவள் வேப்ப மரத்தடியில் நின்றுகொள்வாள். வாய்க்காலில் ஒரு பூவரச இலை மிதந்து வந்து அவளைத் தாண்டிப் போகும். அது போய் மறைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மலைக்குள் போக முடியவில்லை. கண்ணை லேசாக மூடிப் பார்த்தாள். சுரங்கம் வரவில்லை. முன்னால் போகிற சட்டைதான் தெரிந்தது. தூரத்தில் பார்த்த அந்த வெளிச்சம் அப்படியே நின்றுபோயிருந்தது. நாட்கள் போகப்போக அது எந்தப் பக்கம் இருந்தது என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஒருநாள் வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்தாள். எருமைக்குக்கூடச் சத்தம் கேட்காமல் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் பாலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நீயும் எந்திரிச்சுட்டயா? நல்லதாப் போச்சு" என்றார். கால் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். சாயங்காலமே பல்லடம் போய்த் தைலம் வாங்கி வந்தார். மறுநாள் மெதுவாகப் போகலாம் என்று சொல்லி, வேப்ப மரம்வரைக்கும் மெதுவாகவும் போனார்.

இதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சுலபம். நடக்கத் தொடங்கியபின் பாலுசாமி நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். "நாளைக்கு நம்ம கல்பாலத்துக்கு அக்கட்டால போயிப் பாக்கலாம் புள்ள" என்று அவர் சொல்லும்போது, மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

நாச்சியம்மாளிடம் ஒருநாள் சொன்னாள். கொட்டகையில் இருவரும் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவரு கூட வர்றது எனக்கு ஆகலீங்கக்கா."

நாச்சியம்மாள் அரிவாளை நிறுத்தினாள். அவள் புருஷன் செத்து வெகுநாளாயிற்று. "என்ன பண்றாரு, திட்டறாரா?"

"இல்லீங்க."

"வேகமாப் போறாரா?"

"அதுவும் போறாரு. அது இல்லீங்கக்கா. எனக்குத் தனியாப் போவோணும்."

"தனியாவா?" நாச்சியம்மாள் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுபார்ப்பதுபோலச் சொன்னாள். "நா தனியாத்தான் போறேன், வாரேன். ஒரு ருசியும் இல்ல அதுல. உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடு, சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். மூட்டை தூக்க ஆளாச்சு." பிறகு தட்டை நறுக்கிக்கொண்டே, பார்க்காமல் சொன்னாள். "அவரு கிட்டச் சொல்லு. என்கிட்டச் சொல்லி என்ன ஆவுது?"

சொல்ல வேண்டிய வார்த்தைகளை மயிலாத்தாள் அடுப்படியில் சொல்லிப் பார்த்தாள். கிணற்றடியில் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு முன்னால் போனதும் அது வேறு ஏதோ வார்த்தையாக வெளியே வந்தது. காப்பி வேணுங்களா என்று வந்தது.

மாசி மாதம் ஒருநாள். அவர்கள் வேப்ப மரத்தடிக்கு வந்தபோது மில்லில் கூட வேலை பார்த்த ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். கேஸைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. மயிலாத்தாள் வழக்கம்போல மரத்தடியில் நின்றாள். பேச்சு நீண்டது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார் அந்த ஆள். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. தண்ணீர்மேல் பனி சின்னச் சின்னதாகச் சுருண்டு எழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னோர் அடி.

பேசிக்கொண்டிருந்த இருவரையும் தாண்டி அவள் போனாள்.

தாண்டும்போது பேச்சு அறுந்தது. புருஷன் நிற்கும்போது பெண்டாட்டி அவரைத் தாண்டிப் போவதை அந்தச் சைக்கிள்காரர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். "ஏம்புள்ள" என்றார் பாலுசாமி. குரலில் அதட்டல் இல்லை, என்ன ஆயிற்று என்ற கேள்விதான். காது கேட்டது. கால் நிற்கவில்லை. முதுகு முழுக்க இரண்டு பேர் பார்வையும் ஒட்டிக்கொண்டிருந்தது. மதகுவரை அந்தப் பார்வையோடு போனாள். மதகைத் தாண்டியபோது அது கழன்று விழுந்தது. முன்னால் யாரும் இல்லை. வெறும் தடமும் தண்ணீரும் வெளிச்சமும்தான். அவள் கைகள் தாமாக வீசத் தொடங்கியிருந்தன. அவை எப்போது தொடங்கின என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வீட்டுக்கு வந்தபோது பாலுசாமி கட்டிலில் இருந்தார்.

"அந்த ஆளு என்ன நெனைச்சிருப்பான்?"

அவள் தூணோரம் நின்றாள்.

"எம்மேல என்ன கோவம் உனக்கு?"

"கோவமில்லீங்க."

"அப்பறம் என்ன?"

"நா தனியா நடக்கறேனுங்க."

சொல்லிவிட்டாள். கொட்டகையில் எருமை தலையை ஆட்ட மணி கிணுகிணுத்தது. பாலுசாமி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"தனியா நடந்து என்ன பண்றே அங்க?"

மலையையும் சுரங்கத்தையும் யானைகளையும் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். "தண்ணிகூட நடக்கறேனுங்க."

அவர் முகம் மாறியது. வாய்க்கால் தண்ணீரைச் சொல்லி மச்சான் பயந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "புள்ள, தண்ணிகிட்ட உனக்கு என்ன? மனசுல ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடு."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அவள். அவர் பயப்படுகிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அது எங்கிருந்தோ வருதுங்க. மலைக்குள்ள பூந்து வருதுன்னு நீங்கதான ஒருதடவ சொன்னீங்க. அங்க எப்புடி இருக்கும்னு நெனைச்சுக்கிட்டே போவேன். பக்கத்துல யாராச்சும் இருந்தா அது வரமாட்டீங்குது. அவ்வளவுதானுங்க."

அவள் இவ்வளவு சொற்களை ஒன்றாகச் சேர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. கடைசியில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நா எங்க போறது?"

அந்தக் கேள்விதான் இத்தனை நாளும் அவள் வாயை அடைத்திருந்தது. "நீங்களும் நடங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்குப் புடிச்ச பக்கம் போங்க."

"எனக்குப் புடிச்ச பக்கம்" என்றார் அவர், அப்படி ஓர் ஊர் இருப்பதைக் கேள்விப்படாதவர்போல.

அன்றைக்கு மத்தியானம் சோற்றை அவர் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது என்னவோபோல இருந்தது.

மறுநாள் அவள் எழுந்தபோது கட்டிலில் அவர் இல்லை. செருப்பும் இல்லை. டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் எடுக்காமல் கிளம்பினாள். தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். "நடக்கப் போறேனுங்க" என்றாள்.

வாய்க்கால் கரை காலியாக இருந்தது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் அங்கே இருந்தது. ஆனால் மலை வரவில்லை. எருமைக்குத் தீவனம் போட்டேனா, அவர் எங்கே போயிருப்பார், சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாரோ. தான் கேட்டு வாங்கியது ஒன்று, அதற்காக இன்னொருவர் எதைக் கொடுத்தார் என்று தெரியாமல் நடப்பது பாரமாக இருந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்தாள். கால் நிற்கவில்லை. வேப்ப மரம் போயிற்று. மதகு போயிற்று.

கல்பாலத்துப் பக்கமிருந்து யாரோ வருவது தெரிந்தது. பனிக்குள் முதலில் ஓர் அசைவு, பிறகு ஓர் ஆள். அவசரமில்லாத நடை. நாலடி வைப்பார், நின்று தண்ணீரைப் பார்ப்பார். மரத்தை அண்ணாந்து பார்ப்பார். இந்தப் பக்கத்துக்குப் புதிய ஆள் என்று அவள் நினைத்தாள். நிலம் வாங்க வந்தவராக இருக்கும். கிட்டே வரவர அந்தத் தோளும் தலையைச் சாய்க்கும் விதமும் தெரிந்தன. பாலுசாமி.

ஊருக்குப் பின்னாலிருக்கும் இட்டேரி வழியாக, இரண்டு பக்க வேலிக்கும் நடுவே போய்க் கல்பாலத்தில் ஏறியிருக்கிறார். அங்கிருந்து கரைமேல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வழியில் எதிரே தன்னை நோக்கி நடந்து வந்து அவள் பார்த்ததேயில்லை. முன்னே இருந்து பார்த்தால் இப்படியா இருப்பார்? நெற்றியில் இவ்வளவு இடமா?

எதிரே ஆண்பிள்ளை வந்தால் ஒதுங்குகிற பழக்கத்தில் அவள் தடத்தைவிட்டுப் புல்லில் இறங்கினாள். அவரும் அதே நேரத்தில் அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். நடுவில் வண்டித்தடம் காலியாகக் கிடந்தது. இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் நின்றார்கள்.

"பாலத்துக்கு அடியில கீரி குட்டி போட்டிருக்குது" என்றார் அவர். "மூணோ நாலோ. காலுச் சத்தம் கேட்டா உள்ள ஓடிப்போயிருது. மெதுவாப் போ."

"செரீங்க."

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"செரீங்க."

அவர் தடத்தில் ஏறி ஊரைப் பார்த்து நடந்தார். அவள் கொஞ்சம் நின்று, வெயில் ஏறத் தொடங்கிய தண்ணீரைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கல்பாலத்தை நோக்கிப் போனாள்.